கால்விரல் அசையும் வரை

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல் பூச்சு போதுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. நாள் முழுக்கத் திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் ஒரு கோடு ஓடும். அது விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை கோடு அபாரமாக ஏறியது. கைடிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கடைசியில் பார்த்தால் ஒரு மின்முனையின் நுனியில் காற்றுக்குமிழி ஒட்டி, கருவி தப்பாகக் காட்டியிருந்தது. வீட்டில் இதைச் சொல்ல, தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்கு அப்போது பதினாலு வயது. காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வாளியில் குனிந்தாள். முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பி நின்றது.

"அப்படியே இரு, நிமிராதே" என்றேன்.

"ஏன் லாத்தா, பூச்சியா?" அக்காவான என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பாம்பு போல நெளிந்திருந்தது. ஒரு வருஷம் பிளாஸ்டிக் கவசம் மாட்டினாள். காரைக்கால் புழுக்கத்தில் தோல் வெந்துபோனது. வளைவு நிற்கவில்லை. ஆபரேஷன் செய்து உலோகக்கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்றும் சொன்னார்.

குவைத்திலிருந்து வாப்பா போனில், "உனக்குத்தாம்மா சயின்ஸ் தெரியும். நீ சொல்றதுதான்" என்றார். என் சயின்ஸில் முதுகெலும்பே கிடையாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க பயம்தான் கூடியது. ஆனாலும் ஆபரேஷனுக்குச் சரி என்று சொன்னேன்.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் விளக்கினார். தலையிலும் காலிலும் ஊசி மின்முனைகள் செருகி, நரம்பில் சிக்னல் ஓடுகிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அவர் போனதும் தங்கை என் கையைப் பிடித்தாள்.

"லாத்தா, அது உன் மெஷினு மாதிரியா?"

"ஆமா."

"அப்ப அதுவும் தப்பாக் காட்டுமா?"

"அங்க இருக்கறவங்க என்னைவிடக் கெட்டிக்காரங்கடி" என்றேன். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு நர்ஸ் என்னை மட்டும் கூப்பிட்டார். ஆபரேஷன் தியேட்டர் கதவருகே உதவி டாக்டர் முகமூடியோடு நின்றார்.

"இடது காலுக்குப் போற சிக்னல் குறைஞ்சிருச்சு. கம்பியைத் தளர்த்தியிருக்கோம். ரத்த அழுத்தத்த ஏத்திப் பாக்கறோம்."

"ஒயர் கழண்டிருக்கலாமே டாக்டர்?"

"அதத்தான் முதல்ல பாத்தோம். ஒயரெல்லாம் சரியா இருக்குங்க."

கருவி பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினேன்.

வெளியே காத்திருந்த உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"நல்லாப் போகுதாம்."

அதன்பிறகு உம்மா எதுவும் கேட்கவில்லை. வாப்பாவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது; எடுக்கவில்லை. எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். சரி என்று சொன்ன வாய் இதுதானே என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு உம்மாவின் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தேன்.

மதியம் லுஹர் தொழுகை நேரம் தாண்டித்தான் டாக்டர் வெளியே வந்தார். சிக்னல் திரும்பிவிட்டது, ஆனால் நினைத்த அளவு நிமிர்த்தாமல், நரம்பு தாங்கிய இடத்தோடு நிறுத்திவிட்டோம் என்றார்.

தங்கை கண் திறந்ததும் நர்ஸ் போர்வையை விலக்கி, "கால்விரல ஆட்டும்மா" என்றார். வலது கால் உடனே ஆடியது. இடது கால் சும்மா கிடந்தது. தலைமாட்டுத் திரையில் என்னென்னவோ கோடுகள். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது ஒரு நெல்லளவு அசைந்தது. உம்மா வாய்விட்டு அழுதார்.

இடது கால் சரியாகச் சில மாதங்கள் ஆயின. ஒரு தோள் இன்னும் லேசாக ஏறித்தான் இருக்கிறது. அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்று மறைத்ததை ஒருநாள் உம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும் புள்ள. நான் இன்னொரு வார்த்தை கேட்டிருந்தா நீ உடைஞ்சிருப்பே" என்றார்.

இப்போதும் தங்கை மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் கைவேலையை நிறுத்திவிடுகிறேன். கடைசிப் படி வரை கேட்ட பிறகுதான் மூச்சு வருகிறது.