சுதர்ஷினி சொன்ன பத்துச் சீட்டு

2023 மார்ச் 9ஆம் தேதி சல்லி என்ற ஊரிலிருந்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போன கதிரவேல் திரும்பவில்லை. மூன்று மாதமாகியும் அவன் மனைவி சுதர்ஷினி தாலியைக் கழற்றவில்லை. அவன் உயிரோடு இருப்பது தன் மனதுக்குத் தெரியும் என்றாள். கதிரவேலின் தம்பி கோணேஸ்வரனுக்கு அது இடைஞ்சல். அண்ணனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, அந்தியேட்டிச் சடங்கு முடித்தால்தான் ஆவணியில் கோணேஸ்வரனின் மகளுக்குக் கலியாணம் நடக்கும்.

"காணாததெல்லாம் தெரியுமெண்டால் சீட்டைப் பாக்காமல் சிவப்போ கறுப்போ எண்டு சொல்லுங்கோ, அண்ணி. பத்தில ஆறு சரியெண்டால் கலியாணத்தைத் தள்ளி வைக்கிறன். இல்லாட்டித் தாலியைக் கழட்ட வேணும்."

அவளுக்கும் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. "ஓம்" என்றாள்.

முற்றத்தில் சொந்தக்காரர் கூடினார்கள். கோணேஸ்வரன் ஒவ்வொரு சீட்டாகத் தான் மட்டும் பார்த்துப் பாயில் குப்புற வைத்தான். அவள் கண்ணை மூடிச் சிவப்பு, கறுப்பு என்று சொன்னாள். பத்துக்கும் "பிழை" என்றான்.

"எங்கட ஆடு தலையாட்டினாலே அஞ்சு சரிவரும்," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சுதர்ஷினி தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஆட்டுக் கதை அவளுக்கு உறைத்தது: குருட்டாம்போக்கில் சொன்னாலும் பத்தும் பிழைக்காதே. பாயில் வரிசை கலையாமல் கிடந்த சீட்டுகளைத் திருப்பினாள். அவள் சொன்னதில் ஏழு சரி. கோணேஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்ப ஆர் பாக்கிறது, அண்ணி? எல்லாருக்கும் முன்னால நீங்களாத்தானே கழட்டினனீங்கள்," என்றபடி அவன் சீட்டுகளை அள்ளினான்.

மறுநாள் காலை சல்லிக் கடற்கரையில் தர்ப்பை உருவத்துக்குக் கொள்ளி வைத்தான்.