கல் என்று எழுதிய சீட்டு

ராஞ்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவர் ஜெயசீலி. கணவர் இறந்த பிறகு சேலையூருக்குத் திரும்பி, தாம்பரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்ந்தார். அவருக்கு இந்தி தெரியும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகள் யாராவது வைத்தியத்துக்கு வந்தால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

போன மார்ச்சில் ஒருநாள் மதிய டியூட்டிக்கு அவர் வந்தபோது, பெஞ்சில் ஒருவர் சுருண்டு கிடந்தார். பெரும்பாக்கத்தில் கட்டட வேலை செய்யும் பீகார்க்காரர், பெயர் ராம்பிரவேஷ். காலையிலேயே வந்தவர். சிறுநீரகக் கல் என்று சீட்டில் எழுதி, வலிக்கு ஊசி போட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்திருந்தார்கள்.

"எப்போதிலிருந்து வலி?" என்று ஜெயசீலி இந்தியில் கேட்டார்.

"கல் ஸே" என்றார் அவர்.

நேற்றிலிருந்து. இந்தியில் அதுதான் அர்த்தம். வயிற்றின் வலது பக்கம் கீழே லேசாக அழுத்திக் கையை எடுத்ததும் மனிதர் துடித்துப்போனார். உடம்பு கொதித்தது.

ஜெயசீலி நேராக டாக்டர் ராஜாராமன் அறைக்குள் போனார். "சார், இவருக்குக் கல்லுன்னு யார் சொன்னது?"

"அவனேதான் சொன்னான் சிஸ்டர். கல் கல்னு பத்து தடவை சொன்னான்."

"அவர் நேத்துலேர்ந்து வலிக்குதுன்னு பத்து தடவை சொல்லியிருக்கார். ஒரு ஸ்கேன்கூட எடுக்கல. அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கு, வந்து பாருங்க சார்."

வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் குரல் உயர்ந்திருந்தது. மாலைக்குள் ஆபரேஷன் நடந்தது. குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாக சர்ஜன் சொன்னார்.

மறுநாள் மேனேஜர் வைத்தீஸ்வரன் ஒரு தாளை நீட்டினார். தனக்குக் கல் இருப்பதாக நோயாளி தவறான தகவல் கொடுத்தார் என்று அதில் இருந்தது.

"சாட்சியா ஒரு சைன் போடுங்க சிஸ்டர். ஃபார்மாலிட்டிதான்."

ஜெயசீலி தாளைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "அவர் எதையும் தப்பா சொல்லல சார். அவர் பாஷையில சரியாத்தான் சொன்னார். எங்களுக்குப் புரியல, கேட்கவும் இல்லன்னு எழுதுங்க. போடறேன்."

மேனேஜர் அப்படி எழுதவில்லை; ஜெயசீலி கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரமே அவரை வார்டிலிருந்து எடுத்து மருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ராம்பிரவேஷ் வீடு திரும்பும் நாளில், "புகார் கொடுங்க, நான் கூட வர்றேன்" என்றார் ஜெயசீலி. அவர் வேண்டாமென்று கும்பிட்டார். உயிர் பிழைத்ததே போதும் என்றார். அந்தக் கும்பிடுதான் ஜெயசீலிக்குத் தாங்கவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து, நடந்ததைத் தேதி, நேரத்தோடு நான்கு பக்கம் எழுதி, தன் பெயரிலேயே மருத்துவத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.