வாளியில் குடிவந்த அம்மன்

கடைகளில் வாய் திறக்கத் தயங்குகிறவள் நான். ஆனால் போன மாதம் வில்லியனூரில், தோட்டத்து மீன் தொட்டிக்கு மோட்டார் வாங்கப் போனபோது தயங்கவில்லை. கடைக்காரர் எடுத்து வைத்த பெரியதைத் தள்ளிவிட்டு, "தொட்டித் தண்ணி ஒரு மணி நேரத்துல ஒரு சுத்து சுத்தி வந்தா போதும், சின்னதா குடுங்க" என்றேன். வடிகட்டியையும் நானே பார்த்து எடுத்தேன்.

"இத சோப்பு போட்டு மட்டும் கழுவிடாதீங்கக்கா" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை நினைவுக்கு வந்தாள்.

சிறுவயதில் எங்கள் பசுவை விற்ற பிறகு, அது தண்ணீர் குடித்த சிமெண்டுத் தொட்டி பின்பக்கம் காலியாகக் கிடந்தது. மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் வேலை செய்த சித்தப்பா, ஒருநாள் தங்கமீன்களை வாங்கி வந்து அதில் விட்டார். யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் எனக்கு நாள் முழுக்க நிற்க ஓர் இடம் கிடைத்தது. மீன்கள் என்னை எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்கவில்லை.

தண்ணீர் பச்சையானது. அதைச் சுற்றவிட ஒரு மோட்டார் போடலாம் என்றார் சித்தப்பா. கரும்புக்கு நீர் பாய்ச்சும் மோட்டார் மட்டும்தான் அப்பாவுக்கு மோட்டார். "அர எச்.பி. கூட இல்லன்னா அது இன்னா மோட்டாருடா?" என்றார். அவர் சொன்னதையே சித்தப்பா மாட்டினார். பாதித் தண்ணீர் முருங்கைமரத்தின் மேல் போனது. மீன்கள் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டன. சித்தப்பா அதைக் கழற்றிவிட்டு, பழைய ஏர் கூலரின் குட்டி மோட்டாரை வைத்தார். அடியில் ஓட்டை போட்ட ஒரு வாளியில் கூழாங்கல், கரி, தேங்காய் நார் போட்டு மேலே தொங்கவிட்டார். தண்ணீர் வாளிக்கு ஏறி, வடிந்து, மறுபடி தொட்டியில் விழுந்தது.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா. அவள் துலக்கிய பானையில் முகம் பார்க்கலாம். கூழாங்கல்லில் படியும் பழுப்பு வழுவழுப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. ஞாயிறு தவறாமல் எல்லாவற்றையும் துவைகல்லில் கொட்டி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைத்தாள். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரண்டு செத்தே போயின. அத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஆடி முடியறதுக்குள்ள தெளியலன்னா மண்ணக் கொட்டி வாழக்கன்னு வெச்சிடுவேன்" என்றார் அப்பா. அன்று இருட்டும்வரை நான் தொட்டியை விட்டு நகரவில்லை.

அம்மனுக்கு வெள்ளியில் மீன் செய்து போடுவதாக வேண்டிக்கொண்டு, ஆடி பிறந்ததுமே அத்தை தேர் பார்க்க வீராம்பட்டினத்தில் மகள் வீட்டுக்குப் போனாள். தேர் முடியும்வரை மகள் விடவில்லை. ஆடிக் கடைசியில் அவள் திரும்பியபோது, தொட்டியின் அடியில் கொத்தனார் கரணை இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன.

"பாத்தியாடா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று தொட்டியைக் கும்பிட்டாள். அடுத்து வாளியைப் பார்த்தாள். "அய்ய, இன்னாடா இவ்ளோ அழுக்கு!" என்று குனிந்தாள்.

சித்தப்பா பாய்ந்து தடுத்தார். "கைய வெக்காதக்கா! ஆத்தா வந்து குந்தியிருக்கற வாளி. அவளுக்கே சோப்பு போடுவியா நீ?"

அத்தை வெடுக்கென்று கையை இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கொண்டுவந்த குங்குமத்தையே எடுத்து வாளிக்குப் பொட்டு வைத்தார் சித்தப்பா. மஞ்சள் துணியும் கட்டினார். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. அப்பாவும் வாழைப் பேச்சை விட்டுவிட்டார்.

தண்ணீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்கள் அந்த வழுவழுப்பில்தான் வாழ்கின்றன என்பது இன்று கடைக்காரருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தோறும் வாயைப் பிளந்த மீன்களைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், கோயில் வாசலில்கூட விபூதி வாங்காத சித்தப்பா பக்தராகிவிட்டார் என்பதுதான். அத்தை ரேஷன் கடைக்குப் போகும் நாட்களில், தொட்டித் தண்ணீரையே மொண்டு கூழாங்கற்களை லேசாக அலசித் திரும்ப வாளியில் போடுவார். அபிஷேகம் நடக்கிறது என்று நினைத்து, நான் பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பேன். அவரும் சிரிக்காமல், வாளியிலிருந்த குங்குமத்தில் கொஞ்சம் தொட்டு என் நெற்றியில் வைப்பார்.