ஒய் அழுத்துவதற்கு முன்

மார்லிஸ் டோலெஃப்சனைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் அவள் கண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். பிறவியிலேயே பார்வை கிடையாது, பாவம், ஆனாலும் பாருங்கள் என்று. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பாவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மினசோட்டாவில் எங்கள் கவுண்டி நூலகக் கணினிகள் அத்தனையும் அவள் கையில் இருந்தன. எந்தக் கிளையில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். அவள் வாயைத் திறந்தால், ஏன் கூப்பிட்டோம் என்று ஆகிவிடும் அவர்களுக்கு.

அவள் வேலை செய்வது கறுப்புத் திரையில். படம், மவுஸ் எதுவும் வேண்டாம். கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டுவாள். திரையில் வரும் பதிலை வாசித்துச் சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. அது அவள் காதுக்குள் படுவேகமாகப் பேசும். அந்த வேகத்தில் எனக்கு வண்டு சத்தம்தான் கேட்கும். அவளுக்கு ஒரு காற்புள்ளிகூடத் தப்பாது.

மென்பொருள்களைப் புதுப்பிக்கும் நாளில் அவளிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. கட்டளை கொடுத்ததும் கணினி வரிசையாகச் சொல்லும்: இவை புதிதாக வரும், இவை மாறும், இவை நீக்கப்படும். கடைசியில், தொடரலாமா என்று கேட்கும். சரி என்றால் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்த வேண்டும். முக்கால்வாசிப் பேர் எதையும் படிக்காமல் அழுத்துகிறவர்கள்தான். மார்லிஸ் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் விரலை அசைப்பாள்.

புது மேலாளர் ட்ரெண்டுக்கு இது பொறுக்கவில்லை. லூத்தரன் சர்ச்சில் வேதம் வாசிக்கிற மாதிரி நடத்துகிறாளே என்று காபி அறையில் சொல்லிச் சிரிப்பான். கட்டளையின் வாலிலேயே ஒரு ‘ஒய்’யை ஒட்டிவிட்டால் கணினி கேள்வியே கேட்காது, இதுகூடத் தெரியாதா என்பான். அவளுக்குத் தெரியும். கேட்பதற்கு முன்னாலேயே சரி சொல்கிறவனோடு எனக்கு என்ன பேச்சு என்றாள் என்னிடம்.

ஒருநாள் அவள் கீழே சாப்பிடப் போயிருந்தபோது ட்ரெண்ட் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். வாலில் ‘ஒய்’ ஒட்டிய கட்டளையைத் தட்டிவிட்டு, இவ்வளவுதான் வேலை என்று சொல்லிக்கொண்டே என் மேசையைத் தாண்டிப் போனான்.

மார்லிஸ் திரும்பி வந்து ஹெட்போனைக் காதில் மாட்டினாள். ஒரு விசையைத் தட்டினாள். சத்தமே இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். அப்போதும் இல்லை. மறுபடி பிடுங்கி மேசைமேல் போட்டாள்.

“லோயிஸ், இங்க வா. திரையில ஏதாவது வருதா?”

எழுத்து வருகிறது, வேலை முடிந்தது என்று போட்டிருக்கிறது என்றேன்.

“அப்ப ஏன் எங்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேங்குது?”

ட்ரெண்ட் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை கொடுத்ததை அவளிடம் சொல்லிவிட்டு, நான் போய் அவனை இழுத்து வந்தேன். குனிந்து பார்த்தான்.

“கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது, மார்லிஸ்.”

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆள் வரவழைத்து அடுத்த வாரம் பார்க்கலாம், அதுவரை முன்மேசையில் போன் எடுங்கள், ஒருவேளை அதுவே உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்றான். அடப்பாவி. கவுண்டி வாரியத்தார் அவளை அந்தப் போனில் உட்காரவைக்கத்தான் பல வருடமாகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க விடமாட்டார்கள். அது மார்லிஸுக்கும் தெரியும்.

அவள் கத்தவில்லை.

“உக்காரு. எதையெல்லாம் தூக்குச்சுன்னு அதுலயே பதிவாகியிருக்கும். வாசி.”

அதைத் திறக்கும் கட்டளையையும் அவளே சொன்னாள். அவன் ரெண்டு வரி வாசித்துவிட்டு, இந்த மாதிரி நிறைய இருக்கிறது என்றான்.

“‘இந்த மாதிரி நெறைய’ன்னு அங்க எழுதியிருக்கா?”

மறுபடி வாசித்தான். வாயில் நுழையாத பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்லவைத்தாள். நீக்கப்பட்டவை என்ற இடத்துக்கு வந்ததும் அவன் குரல் இறங்கியது. சத்தமாக என்றாள். அவளுக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளின் பெயரை அவன் சத்தமாகச் சொன்னான். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தான். அவன் புதிதாகக் கொண்டுவந்த ஏதோ ஒன்றுக்கு அது ஒத்துவரவில்லை, கணினி கேட்காமலே தூக்கிவிட்டது. கேட்க வேண்டாம் என்று அவன்தானே சொல்லியிருந்தான்.

அதைத் திரும்ப நிறுவும் கட்டளையை அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். வரிசை வந்தது, கேள்வியும் வந்தது. பழக்கதோஷம், அவன் விரல் தானாகப் போனது. விசைப்பலகையின் ஓரத்தில் கை வைத்திருந்த மார்லிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல வாசி.”

வாசித்தான். முழுக்க. அதன் பிறகு அவளே தடவிப் பார்த்து ‘ஒய்’ அழுத்தினாள்.

கணினி பேசியது. வேகம் உட்பட அவள் வைத்திருந்த பழைய அமைப்பெல்லாம் போய்விட்டதால் சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் பேசியது. ஹெட்போன் ஒயர் இன்னும் செருகாமல் கிடந்ததால் அந்தத் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

“சாரி, மார்லிஸ்,” என்றான் ட்ரெண்ட். “அதை நான் பாக்கல.”

“பாக்காதவ நான். நீ படிக்காதவன். எந்திரி என் நாற்காலிய விட்டு.”

அவன் எழுந்து போனான். மார்லிஸ் உட்கார்ந்து குரலின் வேகத்தைக் கூட்டினாள். எங்கள் யாருக்கும் ஒரு சொல்லும் விளங்காமல் போகும் வரைக்கும் கூட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.