தறிக்கு மாட்டின கேமரா

இது நடந்தது. நடக்காததைச் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை. பேய்னாலே ராத்திரி, சுடுகாடு, புளியமரம்னு எதிர்பார்க்கறவங்க வேற எடம் பாத்துக்கோங்க. இது புரட்டாசி வெயில்ல, பட்டப்பகல்ல நடந்தது. மணி பன்னெண்டு முப்பத்தஞ்சு. அந்த நேரத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நதியாவுக்கு வீடு காஞ்சிபுரம், வேலை ஒரகடத்துல ஒரு கம்பெனி. காலையில ஆறே முக்காலுக்கு கம்பெனி பஸ் ஏறினா, திரும்பி வர்றப்ப சாயங்காலம் ஆறு நாப்பது. புருஷன் தனசேகரன் வீட்டுலயே பட்டு நெய்யறவன். குடி கிடையாது, சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. ஒன்பது வருஷமா அந்த அமைதியோடதான் அவ குடும்பம் நடத்துறா.

ஆடி மாசம் அவனுக்கு கோர்வைச் சேலை ஆர்டர் வந்துச்சு. கோர்வைன்னா உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒத்தை ஆளா ஓட்டினா முதுகு ஒடிஞ்சிடும், வேலையும் ஏறாது. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கரை நாடாவை, அதான் கரை நூலை இழுத்துக்கினு ஓடுற கட்டையை, தள்ளிக்கினே இருக்கணும். அப்படி வந்து உக்காந்தவதான் வள்ளி. முசரவாக்கத்துக்காரி. இருபத்தெட்டு வயசு. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். காலையில ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், தனசேகரனுக்கு இடது பக்கம், ஒரே பலகையில. இவன் தள்ளுற நாடாவை அவ பிடிக்கணும். அவ தள்ளினா இவன் பிடிக்கணும்.

நதியாவுக்கு வயிறு எரிஞ்சுது. வேற வார்த்தை தேட வேண்டாம், பொறாமைதான். நான் கட்டினவன் கூட நான் ஒரு மணி நேரம் சேர்ந்து உக்காந்ததில்லை, இவ எட்டு மணி நேரம் உக்கார்றாளேன்னு. பஸ்ல ஜன்னல் பக்கம் சாஞ்சா அந்தப் பலகை. கம்பெனில ஸ்க்ரூ முடுக்கினா அந்தப் பலகை. இவன் எனக்குத்தானா, இல்லையா? அது ஒண்ணுதான் அவளுக்குத் தெரியணும்.

"ஜரிகை காணாமப் போவுது, கேமரா மாட்டணும்"னு தனசேகரன்கிட்ட பொய் சொல்லிட்டு, கேமரா விக்கிற காஜா கடைக்குப் போனா.

காஜா நாலு கேமரா செட்டை எடுத்து வெச்சான். "வாசலுக்கு ஒண்ணு, மாடிப்படிக்கு ஒண்ணு..."

"ஒண்ணு போதும்பா. சத்தம் கேக்கணும்."

"அப்ப இதை எடுத்துக்கோங்கக்கா. ஆளு எங்க போனாலும் இது தலையைத் திருப்பிக்கினே போகும். ஆளைச் சுத்தி பச்சைக் கட்டம் போடும். இங்கேர்ந்து நீங்க பேசினாக்கூட அங்க கேக்கும். கார்டு வாங்கினா ரெக்கார்டும் ஆகும்."

"கார்டு வேணாம். நான் அப்பப்ப போன்லயே பாத்துப்பேன். தறிக்கு மாட்டு."

காஜா அவளை ஒரு மாதிரி பார்த்தான். "திருடன் வாசல் வழியாத்தான்கா வருவான்."

நம்ம வீட்டுத் திருடி செருப்பை ஒழுங்கா கழட்டி வெச்சுட்டே வர்றாளே தம்பின்னு மனசுக்குள்ள சொல்லிக்கினா.

ஞாயித்துக்கிழமை காஜா வந்தான். வள்ளி பாக்கி சம்பளம் வாங்க வந்தவ, ஏணியையும் கேமராவையும் பார்த்துட்டு, காசுகூட வாங்காம திரும்பிப் போயிட்டா. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா வெச்சா முகம் கருப்பா விழும்னு சொல்லி, தறிக்குப் பின்னாடி சுவத்துல மாட்டினான் காஜா. அதனால உக்கார்றவங்க முதுகு மட்டும்தான் தெரியும்.

"என்னை நோட்டம் வுடுறியா?"ன்னான் தனசேகரன். அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து இருந்த ஒண்ணு ரெண்டு பேச்சும் நின்னுச்சு.

திங்கக்கிழமை. கம்பெனில போனை லாக்கர்ல வெச்சுடணும், சாப்பாட்டு நேரத்துலதான் கைக்கு வரும். பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு கேன்டீன்ல தட்டை வெச்சு, தண்ணி பாட்டில்மேல போனைச் சாச்சு வெச்சு, கேமரா ஆப்பைத் திறந்தா.

டக்... டக்... தறிச் சத்தம். ரெண்டு முதுகு. ரெண்டு பச்சைக் கட்டம். தனசேகரன் வெள்ளை பனியன். இடது பக்கம் அவ, நீலத்துல. பன்னெண்டு அம்பத்தெட்டுக்கு மணி அடிச்சுது. போன் லாக்கருக்குப் போயிடுச்சு.

சாயங்காலம் தனசேகரனே வாயைத் திறந்தான். "இந்த வள்ளி இருக்குதே..."

"அவ பேரை எடுக்காத"ன்னு வெட்டிவிட்டா நதியா. அவனும் அதோட மூடிக்கினான்.

செவ்வாய்க்கிழமை. அதே நீலம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. பேசாம இருந்தா இன்னும் சந்தேகம். பேசித் தீர்த்தவங்கதானே பேச மாட்டாங்க?

புதன்கிழமை. தனசேகரன் குனிஞ்சு அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கினு இருந்தான். அவ அவன் பக்கமா சாஞ்சா. ரொம்ப சாஞ்சா. தோளுக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரல்கூட நுழையாது. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. நதியா தட்டைத் தள்ளி வெச்சா.

வியாழக்கிழமை. அவ தலையில ஒரு க்ளிப். பட்டாம்பூச்சி க்ளிப். ஒரு றெக்கை உடைஞ்சது.

நதியாவோடது அது.

கையைத் தூக்கித் தலையைத் தொட்டுப் பாத்தா. அவ க்ளிப் அவ தலையிலயே இருந்துச்சு. உடைஞ்ச றெக்கை விரல்ல குத்துச்சு.

அவளுக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பயம் இல்லை. 'ரெண்டா வாங்கியிருக்கான். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு.' பொறாமை வந்தா கண்ணு இருந்தும் குருடுதான்.

வெள்ளிக்கிழமை. பன்னெண்டு முப்பத்தஞ்சு. தறி ஓடல. தனசேகரன் எழுந்து தண்ணி குடிக்கப் போனான்.

கேமரா அவன் பின்னாடி திரும்பணும். திரும்பல.

பலகையையே பாத்துக்கினு நின்னுச்சு. அங்க நீலம் அசையாம உக்காந்திருந்துச்சு. ஒரு கட்டம். ஒரு முதுகு.

டக்...

தறியை யாரும் தொடல.

டக்...

நதியா மைக்கை அமுக்கினா. மணி பன்னெண்டு அம்பத்தொண்ணு. "ஏய் வள்ளி. திரும்புடி."

தனசேகரன் சொம்போட ஓடி வந்தான். கேமராவை அண்ணாந்து பாத்தான். "யாரைக் கூப்பிடுற? வள்ளி வேலையை விட்டுடுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து நான் ஒத்தை ஆளாத்தான் மல்லாடிக்கினு இருக்கறேன்."

அவன் பின்னாடி அந்த நீலம்... மெதுவா... திரும்புச்சு.

சேலை இல்லை அது.

கம்பெனில குடுத்த நீலக் கோட்டு.

கழுத்துல ஐடி கார்டு.

முகம்...

நதியா.

கண்ணு மட்டும் சிமிட்டவே இல்லை. போனுக்குள்ளேர்ந்து நேரா இவளையே பாத்துச்சு.

கேன்டீனே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினா நதியா. போன் தரையில விழுந்துச்சு. அரை நாள் பர்மிஷன் போட்டு, ரெண்டு பஸ் மாறி வீடு வந்தா. வீட்டுல தனசேகரன் மட்டும்தான் இருந்தான். அவன் எதையும் பாக்கல. "மதியம் ஆனா இடது பக்கக் கழுத்து காந்துது. கரை இழை வேற பட்டுன்னு அறுந்துடுது"ன்னு மட்டும் சொன்னான். சேலையைத் திருப்பிக் காட்டினான். இடது கரையில அஞ்சு முடிச்சு. திங்கள்லேர்ந்து ஒரு நாளைக்கு ஒண்ணு.

அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு. இந்த மனுஷன் மேலயா சந்தேகப்பட்டேன்னு. அவளே ஸ்டூல் போட்டு ஏறி கேமராவைக் கழட்டினா.

சனிக்கிழமை ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டாங்க. கத்தினது எதுக்குன்னு கேன்டீன் கேமராவைப் போட்டுப் பார்த்திருக்காங்க. கம்ப்யூட்டரை அவ பக்கம் திருப்பினாங்க.

"லஞ்ச் டைம்ல தினமும் எங்கம்மா போற?"

டேபிள்ல அவ தட்டு. பாட்டில்மேல சாஞ்ச போன், வெளிச்சம் எரியுது. நாற்காலி காலி. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், பன்னெண்டு முப்பத்தஞ்சுலேர்ந்து பன்னெண்டு அம்பத்தெட்டு வரைக்கும் காலி. பக்கத்துல, கூட வேலை பாக்குற ரூக்ஷார் அந்தக் காலி நாற்காலியைப் பாத்து சிரிச்சு சிரிச்சுப் பேசிக்கினு இருக்குறா. வெள்ளிக்கிழமை அம்பத்தொண்ணாவது நிமிஷம் போன் தானா விழுது. மொத்தக் கேன்டீனும் திரும்பி அந்த வெறும் நாற்காலியைப் பாக்குது.

"நான் அங்கதான் மேடம் இருந்தேன்"னா நதியா. ரூக்ஷாரும் சத்தியம் பண்ணினா. மேடம் மிஷின் கோளாறுன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ஷேர் ஆட்டோ புடிச்சு முசரவாக்கம் போனா நதியா. பாக்கி சம்பளத்தைக் கையில குடுத்தா. "தப்பா நெனச்சுட்டேம்மா. மன்னிச்சுடு. அந்தக் கேமராவைக் கழட்டிட்டேன். நாளையிலேர்ந்து வேலைக்கு வா."

வள்ளி காசை வாங்கிக்கினா. நதியா முகத்தை மட்டும் பாக்கல.

"கேமராவுக்காக நான் நிக்கலக்கா. அதை மாட்டினதே போன வாரம்தானே? நீங்க ஆடி மாசத்துலேர்ந்தே வரீங்க. நான் வேலைக்குச் சேந்த மறுநாள்லேர்ந்து. மதியம் ஆனா எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல வந்து உக்காந்துக்கினு, என் கழுத்தையே பாப்பீங்க. அண்ணனுக்குத் தெரியல. எனக்கு மட்டும்தான் தெரியும்."

வள்ளி காசை முந்தானையில முடிஞ்சுக்கினா.

"நான் வரேன்கா. எனக்கும் பொழப்பு வேணும்"னா வள்ளி. "ஆனா முதல்ல நீங்க அந்தப் பலகையை விட்டு எழுந்திரிங்க."