வேலிக்கு வெளியே ராகி

நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டபோது எனக்கு எட்டு வயது. மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. அப்பா விடியலில் கடுங்காப்பியைக் குடித்துவிட்டுப் போனால், பிற்பகலில் கண்கள் குழிவிழுந்து திரும்புவார்.

வாசலுக்கு வெளியே, எப்போதோ ஈயம் தோண்டிவிட்டுப் போன இடத்தில் வெள்ளை மணல் பரந்து கிடந்தது. பகலில் பிள்ளைகள் அங்கே விளையாடத் தடையில்லை. கால் சுடும் அந்த மணலில் ஒரு சின்னப் புல் மட்டும் துணிந்து முளைக்கும். ஒரு மழைக்குத் தலைகாட்டி, சாண் உயரத்தில் காக்கையின் விரல்கள் போல நாலைந்து கதிர் விரித்து, விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். காக்காய்க்கால் புல். ஒருநாள் ஒரு கொத்தைப் பிடுங்கிவந்து அப்பாவிடம் காட்டினேன்.

"ராகிடா இது," என்றார் அப்பா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வெளைஞ்சா கூழு காய்ச்சலாம்."

சொன்னதை அவர் மறந்துவிட்டார். நான் நம்பிவிட்டேன்.

ராகி வேலிக்கு வெளியிலேயே விளைந்தால் வாசலில் யார் தடவிப் பார்த்து என்ன? அப்பா அங்கேயே பசியாறிக்கொள்ளலாம். மணலில் பாத்தி கட்டி, புல்லை வரிசையாக நட்டு, பால்டின்னில் தண்ணீர் சுமந்தேன்.

"புல்லுக்குத் தண்ணி ஊத்துற ஆளு இந்த எஸ்டேட்லயே எம்புள்ள ஒருத்தன்தான்லா!" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். கூச்சத்தில் நான் காரணத்தைச் சொல்லவில்லை.

கதிர் முற்றும் சமயத்தில், புதிதாக வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பாத்தியைப் பார்த்துவிட்டார். உடன் ஒரு மலாய்க்காரக் கோப்ரல். வேலிக்கு வெளியே தானியம் போட்டது யார்? வேலை முடிந்து அந்த வழியாக வந்த அப்பாதான் அகப்பட்டார். நான் பால்டின்னோடு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"புல்லு துவான். ரும்புட்," என்று மலாயிலும் சொன்னார் அப்பா.

அதிகாரி வரப்பைக் குச்சியால் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார். புல்லுக்கு எவன் வரப்புக் கட்டுவான் என்பதுதான் கேள்வியென்று, மொழி தெரியாமலேயே எனக்குப் புரிந்தது. வாசலில் நின்ற போலீஸ் லாரியை அப்பா ஒருமுறை பார்த்தார். அதில் ஏறிப்போன எங்கள் லயத்து ஆட்கள் இருவர் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

கோப்ரல் என்னிடம் குனிந்து, "இனி ஆப்பா?" என்றார். இது என்ன?

பயிரிட்டவன் நானல்லவா? நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"ராகி!"

அப்பாவின் கை என் தோளில் வந்து விழுந்தது. கோப்ரல் ஒரு கணம் விழித்தார். பிறகு தொப்பி நழுவும்படி சிரித்தார். "ராகி! மணல்ல ராகி!" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லி, அதிகாரிக்கும் விளக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். தூசாகப் பறந்தது. பூட்ஸ் காலால் பாத்தியை மிதித்துவிட்டு நடந்தார்.

அப்பாவும் சிரித்தார், கோப்ரலைவிடச் சத்தமாக. பயிரை மிதித்தவர்களோடு சேர்ந்து சிரிக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கி வந்தார், பேசிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, அலோர் காஜா பாசாரில் ஒரு மலாய் அம்மா கடைக்காரரிடம் ராகி கேட்டார். அவர் எடுத்துக் கொடுத்தது, சோற்றைப் புளிக்கவைக்கும் வெள்ளை மாவு வில்லை. மலாயில் அதற்குப் பெயர் ராகியாம். மணலில் புளிமாவு பயிரிட்ட பையனின் அப்பாவை யார்தான் லாரியில் ஏற்றுவார்கள்? கடைமுன் நின்று தனியாகச் சிரித்தேன்.

சிரித்து ஓயும்போது தோள் நினைவுக்கு வந்தது. அன்று அப்பா சிரித்த நேரம் முழுக்க, என் தோளிலிருந்த அவர் கை உதறிக்கொண்டே இருந்தது. அவ்வளவு சிரிப்பா என்று நினைத்திருந்தேன்.