அப்பா ஊற்றிய அருவித் தண்ணீர்

அண்ணே, ஒரு மண்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தென்காசி ஸ்டேஷனில் இறங்கினாயே, அந்தக் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான்.

தூத்துக்குடியில் கடல் உயிர்களை ஆராய்கிற ஒரு வாத்தியாருக்கு நீ எடுபிடி. பானைக்குள் கடல்தண்ணீர், அதில் சிவப்பாக ஒரு கடல்பஞ்சு. அப்பா எட்டிப் பார்த்தார்.

“ஏலே, இதுக்கா வயலை விட்டுட்டுப் போன?”

“இதுக்கு உசிரு இருக்குப்பா. துணியில வச்சுத் தூளாப் பிழிஞ்சாலும் மறுபடி ஒண்ணாக் கூடிக்கிடும்.”

“கூடும், கூடும். அவிச்ச நெல்லுகூட முளைக்கும்பே.”

“பந்தயமா? நாளைச் சாயந்தரத்துக்குள்ள கூடிட்டா நான் தூத்துக்குடிக்குப் போறேன். கூடலைன்னா இங்கனயே கலப்பையைப் பிடிக்கேன்.”

அப்பா உடனே சரி என்றார். உன்னை வீட்டோடு வைத்துக்கொள்ள அவருக்கு அவ்வளவு ஆசை.

அம்மாவின் பழைய சேலைத் துணியில் வைத்து, ஒரு கிண்ணத்துக் கடல்தண்ணீருக்குள் நீ பிழிந்ததும் குங்குமம் கரைத்தது போலத் தண்ணீர் சிவந்தது. கண்ணும் காதும் இல்லாத தூள் எப்படி ஒன்றையொன்று தேடும் என்று கேட்டேன்.

“கடல்தண்ணியில கரைஞ்சு கெடக்க உப்பும் சுண்ணாம்பும்தாம்ட்டி அதுகளுக்குச் சேதி, தாக்கல் சொல்லுது. அது எட்டுனாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். மூக்கில்லாம மோந்து பாக்குத சென்மம்னு வச்சுக்கயேன்.”

மறுநாள் காலை அப்பா குற்றாலத்துக்குக் குளிக்கப் போய், வழக்கம்போல ஒரு செம்பு அருவித் தண்ணீரோடு வந்தார். நோய்ப்பட்ட மாட்டுக்கு, வாடிய நாற்றுக்கு, பிள்ளைகள் தலைக்கு, எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் மருந்து. கிண்ணத்தில் தூள் அசையாமல் படிந்து கிடந்தது.

“பாவம், வாடிக் கெடக்கு” என்று சொல்லிச் செம்பைக் கவிழ்த்துவிட்டார். அது பிழைத்துவிட்டால் பந்தயத்தில் தோற்பது தான்தான் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் நீ வந்தபோது கிண்ணத்தில் வெறும் சகதி, நாற்றம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“யப்பா, உங்க அருவி என் கடல்பஞ்சக் கொன்னுட்டு!”

அப்பா முகம் தொங்கிப்போனது. “எந் தப்புலே. நல்ல தண்ணிதானேன்னு ஊத்திட்டேன். நீ தோக்கல. போயிட்டு வா.”

போனாய். அந்த மழைக்காலத்தில் அங்கேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்பா அதன்பிறகு அருவிப் பக்கமே போகவில்லை. “நான் அந்தத் தண்ணிய ஊத்தாம இருந்திருந்தா அது தானாவே கூடாமப் போயிருக்கும், பந்தயத்துல தோத்து எம்புள்ள இங்கன இருந்திருப்பான்” என்பதே பேச்சு.

ஆனால் கிணற்றடியில் நீ ஒளித்து வைத்திருந்த ஒரு ஜாடியைப் பற்றி எனக்குத் தெரியும். மிச்சக் கடல்தண்ணீரில் கொஞ்சம் தூளை அதில் போட்டிருந்தாய். அப்பா உன்னைப் போகச் சொன்ன அன்று சாயங்காலம் அதைக் காட்டினாய். தூளெல்லாம் கூடிச் சின்னச் சின்ன உருண்டைகளாகியிருந்தன.

“அப்பாட்ட சொல்லாதட்டி. மனுசன் போகச் சொல்லிட்டாரு. செயிச்சேன்னு வேற காட்டணுமா?”

உன் பேச்சை நேற்று மீறிவிட்டேன், அண்ணே. எல்லாவற்றையும் சொல்லி, “நீங்க ஊத்தாட்டாலும் அவன் போயிருப்பாம்ப்பா” என்றேன்.

 அப்பா கேட்டார்: “எம்புட்டுத் தண்டிட்டி இருந்துச்சு?”

“மிளகுத் தண்டி.”

“கெட்டிக்காரப் பய” என்றார். இன்று காலை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் புறப்பட்டார்.

இதைப் படிக்கிற எல்லாரும் என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் சாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவன் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.